நிழல் விழும் முற்றத்துக்கு ஒரு ரம்பைச் செடி

நம் ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கொல்லைப்புறத்தில் மிஞ்சுவது கிணற்றடியும் அதையொட்டிய நான்கடி மண்ணும்தான். அடுத்த வீட்டின் மாடி நிழல் அதன்மேல் நாள் முழுவதும் விழுகிறது. கத்தரி, வெண்டை, தக்காளி போட்டுப் பார்க்கிறோம். செடி ஒல்லியாக நீண்டு, பூக்காமல் சாய்ந்துவிடுகிறது. "இந்த இடத்துக்கு ராசியில்லை" என்று சொல்லி அங்கே உடைந்த வாளியையும் பழைய ஓட்டையும் போட்டு வைக்கிறோம்.

இடத்தில் குறையில்லை. காய்க்கும் செடிகள் பெரும்பாலும் வெயில் கேட்பவை. இலைக்காக வளர்க்கும் செடிகள் சிலவற்றுக்கு நிழலே பொருந்தும். அவற்றில் நம் சமையலறைக்கு மிக நெருக்கமானது ரம்பை. பார்வைக்கு அழகு, சோற்றுக்கு மணம், ஒருமுறை வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதை அடையாளம் காண்பதிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கன்று கொடுப்பது வரை வேண்டிய செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ரம்பை என்பது எது?

இலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் இதை ரம்பை என்பார்கள். சிங்களத்தில் ரம்பே. அங்கே கறிவேப்பிலையோடு ரம்பையும் சேர்த்துத் தாளிக்காத கறி குறைவு. தென்பாண்டிக் கரையில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களுக்கும் இலங்கைக்கும் தலைமுறை தலைமுறையாக வணிக உறவு உண்டு. அவ்வூர்ச் சமையலிலும் ரம்பைக்கு இடம் உண்டு. மலேசியா, சிங்கப்பூரில் வாழும் நம்மவர்களுக்கு இதுவே பாண்டான் இலை. அங்கே நாசி லெமாக் சோறு மணப்பது தேங்காய்ப் பாலோடு இந்த இலையும் வேகுவதால்தான். கேரளத்தில் பிரியாணிக் கைதை என்கிறார்கள். நர்சரிகளில் சிலர் அன்னபூர்ணா இலை என்று சொல்லி விற்கிறார்கள்.

மளிகைக் கடையில் பட்டை, கிராம்போடு சேர்த்துத் தரும் காய்ந்த பிரியாணி இலை வேறு. அது லவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த மரத்தின் இலை. ரம்பை தாழை இனத்தைச் சேர்ந்தது. கடற்கரையில் வேலிபோல் வளரும் தாழைக்கு இது தம்பி முறை. ஒடிசாவின் கஞ்சம் பகுதியில் தாழம்பூவிலிருந்து வடிக்கும் கேவ்ரா நீரைப் பிரியாணியில் தெளிப்பார்கள். தாழையில் மணம் பூவில் இருக்கிறது. ரம்பையில் அது இலையில் இருக்கிறது.

தாவரவியலார் இதற்கு வைத்த பெயர் பாண்டனஸ் அமரில்லிஃபோலியஸ். கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் இதை விவரித்து எழுதினார். அவர் இறந்தது 1815இல். அந்த விவரணை அச்சில் வந்தது 1832இல். அமரில்லிஸ் என்னும் லில்லி வகைச் செடியின் இலைபோல இருப்பதால் இந்தப் பெயர். பெயரிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அதைக் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தவறான செடியை வாங்கிவிடாதீர்கள்

ரம்பையைப் போலவே நீண்ட பச்சை இலைகளுடன் அழகுக்காக வளர்க்கும் செடிகள் பல உண்டு. வீட்டு வாசல்களிலும் பூங்காக்களிலும் வெள்ளைப் பூப் பூக்கும் ஸ்பைடர் லில்லி அவற்றில் ஒன்று. அந்தக் குடும்பத்துச் செடிகளில் நச்சுத்தன்மை உண்டு. வயிற்றில் போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எனவே சமையலுக்குச் செடி வாங்கும்போது நான்கு அடையாளங்களைப் பாருங்கள்.

ஒன்று, அடிப்பகுதி. லில்லி வகைக்கு மண்ணுக்குள் வெங்காயம்போலக் கிழங்கு இருக்கும். ரம்பைக்குக் கிழங்கு கிடையாது. குட்டையான தண்டும், அதிலிருந்து மண்ணை நோக்கி இறங்கும் விரல்போன்ற வேர்களும் இருக்கும்.

இரண்டு, இலை அடுக்கு. ரம்பை இலைகள் தண்டைச் சுற்றித் திருகுபோல மூன்று வரிசையாக ஏறும். மேலிருந்து பார்த்தால் ஒரு பச்சைப் பூ விரிந்ததுபோல் இருக்கும். இச்செடியின் அழகே அதுதான்.

மூன்று, இலையின் வடிவம். நடுவில் மடிப்பு விழுந்து, படகின் அடிப்பகுதிபோல இருக்கும். அகலம் 2 முதல் 5 சென்டிமீட்டர், நீளம் 25 முதல் 75 சென்டிமீட்டர் வரை. ஓரங்கள் வழவழப்பாக இருக்கும். நுனியில் மட்டும் சில சிறு முட்கள் விரலில் தட்டுப்படலாம். ஓரம் முழுக்க முள் இருந்தால் அது தாழை.

நான்கு, மணம். இலையைக் கசக்கி, ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்து முகருங்கள். புது அரிசிச் சோறு வெந்த வாசனை வர வேண்டும். வராவிட்டால் வாங்க வேண்டாம். வெள்ளை அல்லது மஞ்சள் கோடு போட்ட அலங்காரத் தாழைகளை விற்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், சமையலுக்கு உதவாது.

சோற்று வாசனை என்று சொன்னது உவமைக்காக மட்டும் அல்ல. பாசுமதி அரிசிக்கு மணம் தரும் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் பொருள்தான் ரம்பை இலையிலும் மணக்கிறது என்பதை 1980களின் தொடக்கத்தில் வேதியியலார் கண்டறிந்தனர். சாதாரணப் பச்சரிசியில் ஓர் இலை போட்டாலே உயர்ந்த அரிசியின் வாசம் வருவது இதனால்தான். பாசுமதி வாங்க வசதி இல்லாத வீட்டிலும் விருந்துச் சோறு மணக்கும்.

விதை இல்லாத செடி

ரம்பையில் நாம் அறிய வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இதற்கு விதை கிடையாது. ஆண் பூ பூப்பதே மிக அரிது, பெண் பூ அறியப்படவேயில்லை. பூவும் காயும் இல்லாததால் பறவையோ காற்றோ இதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. தாய்ச்செடியின் பக்கக் கன்றை ஒருவர் பிரித்து நட்டால்தான் அடுத்த செடி உண்டு.

அதனால் இன்று எந்த வீட்டில் ரம்பை நின்றாலும், அது யாரோ ஒருவர் கையால் வந்ததுதான். மாமி வீட்டிலிருந்தோ, கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தோ, அந்தக் கை அதற்கும் முன்பு வேறொரு கையிலிருந்து வாங்கியிருக்கும். கன்று கேட்பவரும் கொடுப்பவரும் இல்லாமல் போனால் ஓர் ஊரிலிருந்து இச்செடி ஓசையில்லாமல் மறைந்துவிடும். வீட்டை இடித்துக் கட்டும்போது கிணற்றடிச் செடிகள்தான் முதலில் போகின்றன. பிறகு அதே வீட்டில் புட்டியில் அடைத்த பச்சை நிற எசன்ஸ் வாங்குகிறோம்.

இடமும் வெளிச்சமும்

நிழல் என்றால் இருட்டு அல்ல. பகலில் விளக்குப் போடாமல் குர்ஆன் ஓதும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும் இடம் ரம்பைக்குப் போதும். வடக்குப் பார்த்த சுவரோரம், மா அல்லது முருங்கை மரத்தடி, கிணற்றடி, இரு வீடுகளுக்கு இடையிலுள்ள முடுக்கு, மாடிப்படிக்குக் கீழே வெளிச்சம் எட்டும் மூலை எல்லாம் ஏற்றவை. காலை இளவெயில் ஓரிரு மணி நேரம் பட்டால் நல்லது. சித்திரை, வைகாசி உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை வெளுத்து, நுனி கருகும். அடர்ந்த நிழலில் வைத்தால் செடி உடனே சாகாது. ஆனால் இலை மெலிந்து, புதுக்கன்று விடுவது நின்றுபோகும்.

இது வெப்ப நாட்டுச் செடி. நம் கடற்கரை ஊர்களும் சமவெளிகளும் இதற்கு ஒத்துப்போகும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களின் குளிர் தாங்காது. அங்கே இருப்பவர்கள் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வளைகுடா நாடுகளில் அடுக்குமாடியில் வசிப்பவர்கள் பால்கனியின் நிழல் பகுதியில் வைக்கலாம். அனல்காற்று நேரே வீசாத மூலையாகவும், ஏசி காற்று படாத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் நடும் முறையும்

ஈரம் பிடித்து வைக்கும், ஆனால் தண்ணீர் தேங்காத மண் வேண்டும். கடற்கரை ஊர்களின் மணற்பாங்கான தரையில் ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, பாதிக்கு மக்கிய சாணமும் இலைமட்கும் கலந்து நிரப்புங்கள். களிமண் தரையாக இருந்தால் ஆற்று மணல் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் வைப்பதானால் 12 அங்குல வாயுள்ள தொட்டி போதும். தோட்ட மண், மக்கிய உரம், மணல் மூன்றையும் சம பங்காகக் கலக்கலாம். அடியில் துளையும், துளையின் மேல் ஓட்டுச் சில்லும் அவசியம்.

தாய்ச்செடியின் பக்கத்தில் ஒரு சாண் உயரம் வளர்ந்த கன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் அடியில் இரண்டு மூன்று வேர்களாவது இறங்கியிருக்க வேண்டும். கூரான கத்தியால் தண்டோடு ஒட்டி அறுத்து எடுங்கள். கையால் பிய்த்தால் இரண்டு செடிக்கும் காயம் படும். கீழுள்ள இலைகளை நீக்கிவிட்டு, மேலிலைகளைப் பாதியாக நறுக்கி நடுங்கள். வேர் பிடிக்கும்வரை இலை வழியாக ஈரம் வீணாகாமல் இருக்கவே இந்த நறுக்கல்.

வேர் இல்லாத கன்று கிடைத்தாலும் எறிந்துவிட வேண்டாம். கண்ணாடிக் குவளையில் அடித்தண்டு மட்டும் மூழ்கும்படி தண்ணீரில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி வந்தால் சில வாரங்களில் வேர் விடும். வெள்ளை வேர் ஓர் அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றலாம். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வேர் வருவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை செடியை மிதிக்காது.

தரையில் நடும்போது செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விடுங்கள். நடுவதற்கு ஆடிக்குப் பிறகு மார்கழி வரையுள்ள மாதங்கள் வசதியானவை. தண்ணீர் வசதி இருந்தால் எந்த மாதமும் நடலாம்.

தண்ணீரும் உரமும்

ரம்பை ஈரத்தை விரும்பும். கோடையில் தினமும், மழைக்காலத்தில் மண் காயும்போதும் ஊற்றுங்கள். விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி பழுப்பாகும். கரையோர ஊர்களில் இது அடிக்கடி நேரும். அப்படியானால் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம்.

ஒரு நாளில் ஐந்து வேளை உளூ செய்யும் வீட்டில், சோப்புக் கலக்காத தண்ணீர் எவ்வளவு சாக்கடைக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். உளூ செய்யும் இடத்தில் ஓர் அகன்ற பாத்திரத்தை வைத்தால் இரண்டு தொட்டிகளுக்கு வேண்டிய தண்ணீர் அதிலேயே கிடைத்துவிடும். அரிசி கழுவிய நீரையும் ஊற்றலாம்.

மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமோ, மக்கிய சாணமோ போதும். கடலைப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுவோரும் உண்டு. பச்சைச் சாணம் போடாதீர்கள். அதன் சூட்டில் வேர் வெந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டிச் செடியை எடுத்துப் பிரித்து நட வேண்டும். பிரிக்காமல் விட்டால் வேர் தொட்டியை நிறைத்துவிடும், இலை சிறுத்துவிடும். தண்டு நீண்டு சாய்ந்தால் தலைப்பகுதியைச் சில வேர்களோடு வெட்டித் தனியாக நடலாம். அடித்தண்டும் மறுபடி துளிர்க்கும்.

பூச்சியும் கொசுவும்

இச்செடிக்குப் பெரிய நோய் வருவது குறைவு. இலை இடுக்கில் வெள்ளை மாவுப்பூச்சியும் பழுப்பு நிறச் செதில்பூச்சியும் சேரும். எறும்பு ஏறுவதைக் கண்டால் உள்ளே இவை இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முதல் வைத்தியம். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். அதன்பின் ஒரு வாரம் இலை பறிக்க வேண்டாம். பிறகும் நன்றாகக் கழுவித்தான் பயன்படுத்த வேண்டும். சோற்றில் போடும் இலைக்குக் கடை இரசாயனப் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது.

கொசுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரே அதற்குப் போதும். வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. இலை இடுக்கில் தங்கும் மழைநீரையும் செடியைச் சாய்த்து வடித்துவிடுங்கள். வேர்விட வைத்த குவளை நீரை மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலை பறிக்கும் முறை

நட்டு ஆறு மாதம் பொறுங்கள். பத்துப் பன்னிரண்டு இலை வந்ததும் எடுக்கத் தொடங்கலாம். எப்போதும் கீழிலையைத்தான் அறுக்க வேண்டும். முற்றிய இலையில் மணம் நன்றாக இருக்கும். நடுக்குருத்தைப் பிடுங்கினால் அந்தத் தலை வளராது. ஒரு தலையில் குறைந்தது ஆறு இலைகளையாவது விட்டுவையுங்கள். மூன்று செடிகள் தழைத்து நின்றால் ஒரு குடும்பத்தின் வாராந்திரச் சமையலுக்குப் போதும்.

பறித்த இலையை ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் நிற்கும். வெயிலில் காயவைத்தால் மணம் பெரும்பாலும் போய்விடும்.

சமையலறையில்

செடியில் நிற்கும் இலை அதிகம் மணக்காது. வாடும்போதும் கசங்கும்போதும் வேகும்போதும்தான் வாசம் வெளிவரும். அதனால் இலையை விரலால் கீறி, முடிச்சுப் போட்டு இடுவார்கள். முடிச்சுப் போட்டால் பரிமாறும்போது எடுப்பதும் எளிது. இலை நார் மிகுந்தது. மென்று தின்பதற்கு ஏற்றதல்ல.

அரைக் கிலோ அரிசிக்கு ஓர் இலை அளவு. நெய்ச்சோறு, தேங்காய்ச்சோறு, பிரியாணி எதுவானாலும் பட்டை, ஏலம் தாளிக்கும்போதே இதையும் போடுங்கள். இறைச்சிக் கறிக்கும் மீன் குழம்புக்கும் விரல் நீளத் துண்டுகள் இரண்டு போதும். நோன்புக் கஞ்சியில் அரிசியோடு ஒரு முடிச்சு இட்டு வேகவைத்துப் பாருங்கள். தேநீர் கொதிக்கும்போது ஒரு துண்டு போடலாம்.

பச்சைச் சாறு வேண்டுமானால் பத்து இலையைப் பொடியாக நறுக்கி, ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். இஃப்தாருக்குச் செய்யும் கடல்பாசிக்கு இந்தச் சாறு நிறமும் மணமும் சேர்த்தே தரும். நிறப்பொடி தேவையில்லை. பிள்ளைகள் சாப்பிடும் பண்டத்தில் இது ஒரு நிம்மதி.

மருந்து என்று நம்ப வேண்டாம்

சர்க்கரை நோய்க்கும் மூட்டுவலிக்கும் ரம்பைக் கஷாயம் என்று செய்திகள் கைப்பேசியில் சுற்றுகின்றன. தென்கிழக்காசிய வீட்டு வைத்தியத்தில் இந்த இலைக்கு இடம் உண்டு என்பது உண்மை. அதை வைத்து மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. உடல் நமக்கு அமானிதம். ரம்பையை மணத்துக்காக வளர்ப்போம், நோய்க்கு மருத்துவரிடம் போவோம்.

கன்று பிரித்துக் கொடுங்கள்

நன்றாக வளரும் ரம்பை தன் அடியில் கன்றுகளை விட்டுக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் அங்கேயே விட்டால் நெரிசலில் தாய்ச்செடியும் நலியும். பிரித்தெடுப்பது செடிக்கு நல்லது. பிரித்ததைக் கொடுப்பது ஊருக்கு நல்லது. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். பறவை கொண்டுபோக விதையில்லாத இச்செடியைப் பரப்பும் பொறுப்பு மனிதர் கையில் மட்டுமே இருக்கிறது.

மகளைக் கட்டிக்கொடுக்கும்போது சீர் என்ற பெயரில் பெண் வீட்டார்மேல் ஏற்றும் சுமைகளை விட்டுவிட்டு, அவள் குடிபோகும் வீட்டுக்கு ஒரு ரம்பைக் கன்றைக் கொடுத்தனுப்பலாம். புதுவீடு கட்டுகிறவர்கள் பழைய கிணற்றடியை இடிக்கும் முன் அங்குள்ள செடியைத் தொட்டிக்கு மாற்றி, அடுத்த வீட்டில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். பள்ளிவாசல், மதரஸா வளாகங்களில் உளூ தண்ணீர் ஓடும் கால்வாயோரம் நான்கு செடி நட்டால், ரமளானில் கஞ்சி காய்ச்சும் நாளில் இலைக்கு அலைய வேண்டியதில்லை. கன்று கேட்டு வருகிறவர்களுக்கும் அங்கிருந்தே கொடுக்கலாம்.

அண்டை வீட்டாரின் மதம் எதுவானாலும் கன்றைக் கொடுங்கள். கொடுக்கும்போது அடையாளத்தையும் சொல்லிக் கொடுங்கள். நிழல், ஈரம், கீழிலை, முடிச்சு என்று நான்கு சொல் சொன்னால் போதும். இன்ஷா அல்லாஹ், உங்கள் செடி ஏதோ காரணத்தால் பட்டுப்போனாலும், கேட்டு வாங்கிக்கொள்ள அவர்கள் வீட்டில் ஒன்று நிற்கும்.